மழை வெறித்த மதியம்: மதில், மாடி, குட்டை – எதை எப்போது எப்படிப் பார்ப்பது?

வாசல்திண்ணை:
ஐப்பசி பிறந்தால் மதுரை, விருதுநகர்ப் பக்கம் பல நாள் இதே கதைதான். மூணு மணிக்கு இடி, ஒரு மணி நேரம் அடிமழை, அஞ்சு மணிக்குள் வானம் வெளுத்துவிடும். இருட்டுவதற்கு முன் கிடைக்கிற அந்த நேரத்தில் மொட்டைமாடி, பின்கட்டு மதில், தெருமுனைக் குட்டை ஆகிய மூன்று இடங்களில் எதைப் பார்க்கலாம்? கையில் இருப்பது போன், பத்து மடங்கு கைலென்ஸ், ஒரு ஃபோல்ட்ஸ்கோப் (தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி), சமையலறைச் சாமான்கள். 'ரசியுங்கள்' என்ற அறிவுரை வேண்டாம். எந்த நேரத்தில் எது கண்ணில் படும், எப்படிப் பார்ப்பது, ஏன் தவறிப்போகிறது என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் கூடவே செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

மழைமானி:
மழை விட்ட பிறகு என்று ஏன் ஆரம்பிக்கிறீர்கள்? பெய்யும்போதே பார்க்க வேண்டியது துளி. அதற்கு மைதா மாவு போதும்.

பனித்துகள் படங்களால் பெயர்பெற்ற அமெரிக்காவின் வில்சன் பென்ட்லி, 1904இல் மழைத்துளியின் அளவை மாவை வைத்தே அளந்து எழுதினார். முறை இன்றும் மாறவில்லை. அகலத் தட்டில் சலித்த மைதாவை 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். அழுத்தவோ தட்டிச் சமப்படுத்தவோ வேண்டாம், பொலபொலவென்று இருக்கட்டும். மேலே இன்னொரு தட்டை மூடியே வெளியே கொண்டுபோங்கள். தூறல் என்றால் நாலு விநாடி, கனமழை என்றால் ஒரே விநாடி திறந்து மூடுங்கள். விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாகிவிடும். உடனே கிளறினால் உடையும். ராத்திரி முழுக்க எறும்பு வராத இடத்தில் திறந்து வைத்துக் காயவிட்டு, காலையில் சல்லடையில் மெதுவாகச் சலித்தால் உருண்டைகள் மட்டும் தங்கும். வரைபடத்தாளில் கொட்டி, மில்லிமீட்டர் கட்டத்தோடு ஒப்பிட்டு அளவுவாரியாகப் பிரியுங்கள்.

உருண்டையின் அளவு துளியின் அளவே அல்ல, அதற்கு ஒரு திருத்தம் வேண்டும். சிரிஞ்சில் 1 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுங்கள். 20 சொட்டு வந்தால் ஒரு சொட்டு 50 கன மில்லிமீட்டர், அதாவது விட்டம் சுமார் 4.6 மி.மீ. மெல்லிய ஊசியில் 100 சொட்டு வந்தால் விட்டம் சுமார் 2.7 மி.மீ. இந்தச் சொட்டுகளையும் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்திலிருந்து அதே மாவில் விழவிட்டு, காய்ந்த உருண்டையை அளந்தால் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

தவறுவது மூன்று இடத்தில். கூரை விளிம்புக்கோ மரத்துக்கோ அடியில் பிடித்தால் வருவது இலைச்சொட்டு. அது மழைத்துளியைவிடப் பெரிது. அதிக நேரம் திறந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரட்டை உருண்டையாகும். தட்டின் ஓரத்தில் பட்டுத் தெறித்த சில்லுகள் சின்ன உருண்டைகளாகி உங்கள் கணக்கைக் கெடுக்கும். அதனால் ஓரத்து இரண்டு விரல் அகலத்தை எடுக்காதீர்கள்.

கொடிமல்லி:
துளி கண்ணீர் வடிவத்தில்தானே விழும்? உருண்டையாக எப்படி வருகிறது? அப்புறம், மழை தொடங்கும்போது மட்டும் பெரிய பெரிய துளியாக விழுவது ஏன்?

மழைமானி:
கண்ணீர் வடிவம் படம் வரைகிறவர்களின் பழக்கம். ஒரு மி.மீ. அளவுள்ள துளி கிட்டத்தட்டக் கோளம்தான். இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் போனால் எதிர்க்காற்று கீழிருந்து அழுத்த, அடிப்பக்கம் தட்டையாகி மேல்பக்கம் மட்டும் வளைவாக நிற்கும். ஐந்தாறு மி.மீ.யைத் தாண்டினால் நடுவில் குழிந்து உடைந்துவிடும். ஆகவே உங்கள் மாவில் ஆறு மி.மீ.க்கு மேல் துளி வந்தால் முதலில் இலைச்சொட்டைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வேகமே பதில். 1 மி.மீ. துளி விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் இறங்கும். 5 மி.மீ. துளி 9 மீட்டர் வேகத்தில் இறங்கும். மேகத்தின் அடி ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் பெரியது மூன்று நிமிடத்துக்குள் தரைக்கு வரும், சின்னதற்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். வழியில் காய்ந்த காற்றில் சின்னத் துளிகளில் பல ஆவியாகியும் போகும். முதல் நிமிடத்தில் ஒரு தட்டு, பத்தாவது நிமிடத்தில் ஒரு தட்டு, மழை விடும்போது ஒரு தட்டு என்று மூன்று தட்டு எடுத்தால் இது அப்படியே மாவில் தெரியும். மூன்றுக்கும் நேரம் எழுதிச் சீட்டு ஒட்டிவிடுங்கள், காய்ந்த பிறகு எது எதுவென்று அடையாளம் தெரியாது.

பாசிப்படுகை:
என் ஓட்டு மதிலுக்கு.

வெயிலில் கருகிப் பழுப்பாகக் கிடந்த பாசி மழை பட்டதும் பச்சையாகிறது அல்லவா, அதைக் கண்ணெதிரே நடக்கவைக்கலாம். மழைக்கு முன்பே காய்ந்த பாசியில் ஒரு நகக்கண் அளவு பெயர்த்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தட்டை லென்ஸுக்கு இரண்டரை செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு மழைநீர் விடுங்கள். தண்டோடு ஒட்டிச் சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விலகி வெளியே வளையும். எல்லாம் சில நிமிடத்துக்குள். இந்தச் செடிக்குத் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும் வேர் கிடையாது. இலையே நேராகக் குடிக்கிறது. இலை பெரும்பாலும் ஒரே செல் கனம்தான்.

அதே பாசிக்குள் நீர்க்கரடி இருக்கும். எட்டுக் கால், பெரும்பாலும் அரை மி.மீ.க்கும் குறைவு. 1773இல் கோட்சே என்ற ஜெர்மானியப் பாதிரியார் முதலில் விவரித்தது. எடுக்கும் முறை இது:

எப்போதும் ஈரமாக இருக்கும் கழிவுநீர்க் குழாய்ப் பாசி வேண்டாம். நனைவதும் காய்வதுமாக இருக்கிற மதில் உச்சிப் பாசி, மரப்பட்டைப் பாசி, ஓட்டுக்கூரைப் பாசி நல்லது. கட்டைவிரல் அளவு போதும். மண்ணை உதறிவிட்டு, பச்சைப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மூழ்குமளவு மழைநீர் ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. நாலு மணி நேரமாவது ஊற வேண்டும், ஒரு ராத்திரி ஊறினால் இன்னும் நல்லது. பிறகு பாசியை அந்தக் கிண்ணத்திலேயே பிழிந்து வெளியே எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, அடியில் படிந்ததைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சிப் பாருங்கள்.

வாசல்திண்ணை:
ஃபோல்ட்ஸ்கோப்பில் முயன்றால் பழுப்புக் குப்பைதான் தெரிகிறது. 140 மடங்கு போதாதா?

பாசிப்படுகை:
போதாமல் இல்லை, அதிகம். 140 மடங்கில் பார்வைப் பரப்பு மிகச் சின்னது, அதில் ஒரு கரடி தானாக வந்து நிற்கக் காத்திருப்பது வீண். 20 முதல் 40 மடங்கில் தேடி, கண்டபின் பெரிதாக்குவதே வழக்கம். ஸ்டீரியோ நுண்ணோக்கி இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: கறுப்புத் தாளின் மேல் கண்ணாடித் தட்டு, தட்டில் அரை செ.மீ.க்கு மிகாத நீர், பக்கவாட்டில் சாய்வாக ஒரு டார்ச், கையில் லென்ஸ். மெல்ல நகரும் வெள்ளைப் புள்ளிகளைத் தேடி, அவற்றை மட்டும் சொட்டுக்குழாயில் எடுத்து ஃபோல்ட்ஸ்கோப் ஸ்லைடுக்கு மாற்றுங்கள். குப்பை அதிகமாக இருந்தால் நாலு மடங்கு மழைநீர் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். மூடுகண்ணாடி அழுத்தி உயிரி நசுங்காமல் இருக்க, நாலு மூலையிலும் மெழுகுப் பொட்டு வையுங்கள்.

நெளிந்து துள்ளுவது நூற்புழு. ஒட்டிக்கொண்டு தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோலக் காட்டுவது ரோட்டிஃபர். நாலு ஜோடிக் கால்களால் குப்பையைப் பற்றிப் பற்றி நடந்து, கடைசி ஜோடியைப் பின்னோக்கி ஊன்றுவது கரடி. முதல் பாசியில் கிடைக்காவிட்டால் வேறு மதிலில் எடுங்கள். அதே பாசியையே திரும்பத் திரும்பப் பிழியாதீர்கள்.

மதில் காயும்போது அது கால்களை உள்ளே இழுத்து, உடம்பின் நீரில் பெரும்பகுதியை விட்டு, ஒரு குன்றிய பீப்பாய் உருவில் கிடக்கும். அந்த நிலையில் 2007இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வுக்காக ரஷ்யக் கலம் ஒன்றில் விண்வெளி வெற்றிடத்துக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து நனைத்தபோது பல உயிரோடு எழுந்தன. உங்கள் பின்கட்டு மதிலில் சித்திரை வெயில் முழுக்க இருந்து ஐப்பசியில் எழுவதும் இதே கூட்டத்து உயிர்தான். பார்த்து முடித்ததும் பாசியை எடுத்த இடத்திலேயே அழுத்தி ஒட்டிவிடுங்கள், அநேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

கரிசல்காட்டான்:
விருதுநகர்ப் பக்கம்னு சொல்லிட்டு தம்பலப்பூச்சியை விட்டா எப்படி? வெல்வெட் பூச்சி, பட்டுப்பூச்சின்னும் சொல்லுவாக. சங்கப் பாட்டுல 'மூதாய்'னு வர்ற அதே சிவப்பு ஜீவன்.

நல்ல முதல் மழை பெஞ்சு மண்ணு நனைஞ்சதும் வெளிய வரும். வருஷத்துல மிச்ச நாளெல்லாம் மண்ணுக்குள்ளதான். ரோட்டோரத்துல தேடாதீங்க. உழாத தரிசு, பருத்தி மக்காச்சோளக் காட்டு வரப்பு, அருகம்புல்லு இருக்கிற எடம், அங்க குத்தவச்சு உக்காந்து தரை மட்டத்துல பாருங்க. நின்னுக்கிட்டு பார்த்தா புல்லு மறைச்சிரும். பெருசு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். எட்டுக் கால், அதனால பூச்சின்னு பேரே தவிர இது சிலந்தி, உண்ணி வகையறா. லென்ஸ் வச்சுப் பார்த்தா உடம்பு முழுக்க அடர்த்தியா சிவப்பு மயிரு, மழைத்துளி அது மேல உருண்டு நிக்கும். தொட்டா காலைச் சுருட்டிக்கிட்டு அசையாம கிடக்கும். கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பொறுத்தா மறுபடி நடக்கும்.

ஒரு காரியம் மட்டும் வேண்டாம். தீப்பெட்டியில இலையைப் போட்டு அடைச்சு வைக்கிறது. இது இலை திங்காது. பெருசானது கரையான், மத்த பூச்சிகளோட முட்டை, இதைத்தான் திங்கும். தீப்பெட்டியில காஞ்சு ரெண்டு நாள்ல செத்துரும். வெளிய நடமாடுற கொஞ்ச நாளுலதான் சோடி சேர்ந்து முட்டை வைக்கணும், அதையும் நாம பெட்டியில போட்டு முடிச்சிடுறோம்.

கொடிமல்லி:
அண்ணே, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டால் தப்பா? பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால்தானே பூச்சிமேல் பயம் போகும்.

கரிசல்காட்டான்:
தொடுறது தப்பில்லம்மா. உள்ளங்கையில ஏத்தி அஞ்சு நிமிஷம் நடக்கவிட்டு, எடுத்த எடத்துலயே எறக்கிவிடச் சொல்லுங்க. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு மறுநாள் வேற எடத்துல விட்டா அங்க மண்ணு கெட்டியா இருக்கும், எறங்க முடியாது. இன்னொரு வேலை சொல்றேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெட்டுக்கிளியைப் பார்த்தா ரெக்கை அடியில, கழுத்துப்பக்கம் சின்னச் சிவப்பு மணி ஒட்டியிருக்கான்னு பாருங்க. அது இந்த வகைச் செவ்வுண்ணிகளோட குஞ்சு. அந்தப் பருவத்துல ஆறே கால்தான். வெட்டுக்கிளி மேல ஒட்டிச் சாறு குடிச்சு வளரும், பெறகு எறங்கிடும்.

குட்டைக்கரை:
தவளைக்கு அவசரப்படாதீர்கள். குட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். கரையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, டார்ச்சை அணைத்து, பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் ஒன்று தொடங்கும், பின்னாலேயே மற்றதெல்லாம் சேரும். போனில் 30 விநாடி பதிவு செய்யுங்கள். அதற்கு முன் விமானப் பயன்முறையில் போடுங்கள், அழைப்பு வந்து கெடுக்கும். பதிவின் முடிவில் இடம், தேதி, நேரம், மழை விட்டு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் அடையாளம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

சமவெளி ஊர்க் குட்டையில் பெரும்பாலும் கேட்பவை இவை. விடாமல் நீளமாக 'கர்ர்ர்ர்' என்று இழுத்தால் சொறித்தேரை. விட்டுவிட்டு 'டக்… டக்டக்டக்' என்று தட்டினால் மரத்தவளை. சீப்புப் பல்லை விரல் நகத்தால் உரசினாற்போல வந்தால் அது மைக்ரோஹைலா என்ற குறுவாய்த் தவளை. ஆள் இரண்டரை செ.மீ. கூட இருக்காது, சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்கும். பெரியவர்கள் 'பச்சைத்தவளை' என்று சொல்லும் பெருந்தவளையின் ஆண், கனமழைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு முழுக்க எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலப் பைகள் புடைக்கும். இதைப் பகலிலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் காலுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டது இதுதான். 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

அடுத்த நாள் காலையில் முட்டை பாருங்கள். நீர்ச்செடியைச் சுற்றிக் கண்ணாடி நூல், அதற்குள் வரிசையாகக் கறுப்புப் புள்ளி என்றால் தேரை. நீர்ப்பரப்பில் ஒரே அடுக்காக மிதக்கும் மெல்லிய படலம் என்றால் குறுவாய்த் தவளை. தண்ணீருக்கு மேலே சுவரில், தொட்டி விளிம்பில், தொங்கும் இலையில் கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் மரத்தவளை. பெண் தவளை சுரக்கும் நீர்மத்தைப் பின்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டை இடுகிறது. வெளிப்பக்கம் காய்ந்து தோலாகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும்.

சம்ப் மூடியிலோ வாளிக்கு மேலோ நுரை கட்டியிருந்தால் சோப்புக்கழிவு என்று நினைத்துக் கழுவித் தள்ளிவிடாதீர்கள். இடம்விட்டுப் பெயர்க்கவும் வேண்டாம், தோல் கிழிந்து உள்ளே காய்ந்துவிடும். நேர் கீழே அகலமான பாத்திரத்தில் ஒரு சாண் மழைநீர் வையுங்கள்.

வாசல்திண்ணை:
பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் டெங்குக் கொசு வருமே. மாநகராட்சியில் இருந்து வந்து பார்த்தால் கொட்டச் சொல்வார்கள், அபராதமும் உண்டு.

குட்டைக்கரை:
கொட்டச் சொல்வது சரியான காரியம். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். நுரையிலிருந்து எல்லாம் விழுந்து முடியும்வரை தினமும் டீ வடிகட்டியால் நீர்ப்பரப்பை அலசுங்கள். தலைகீழாகத் தொங்கி நெளிவது கொசுப்புழு, வட்டத் தலையும் தட்டை வாலுமாகப் பாத்திரத்தின் அடியை மேய்வது தலைப்பிரட்டை. நுரை காலியானதும் அத்தனையையும் மழைநீர் நிற்கும் பக்கத்துக் குட்டைக்கு மாற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கம்பூசியா மீன் விட்ட தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது தலைப்பிரட்டையையும் தின்னும்.

மழைமானி:
வானவில்லைப் பற்றி யாரும் எழுதவில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் வானவில் வரும் என்பது பாதிதான் சரி.

சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக, சுமார் 1.1 மடங்கு ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் நிமிர்ந்து தேட வேண்டாம், வில் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. மதுரைப் பக்கம் அக்டோபர் கடைசியில் ஏறக்குறைய மூன்று மணிக்கு மேல்தான் வாய்ப்பு. மே மாதக் கோடைமழையில் மூன்றரைக்கு மேல். நேரம் ஆக ஆக வில் உயர்ந்து, அஸ்தமன நேரத்தில் அரைவட்டமாக நிற்கும்.

எங்கே பார்ப்பது? சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் தலையின் நிழல் விழும் இடத்தை மனதில் வையுங்கள். கையை முழுக்க நீட்டி விரலை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவில் சுமார் 20 டிகிரி. தலைநிழலிலிருந்து இரண்டு சாண் அளந்தால் அங்கேதான் சிவப்புப் பட்டை. அதற்கு வெளியே அரைச் சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், 51 டிகிரியில், இரண்டாவது வில் நிற்கும். அதில் நிறவரிசை தலைகீழ், சிவப்பு உள்பக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வானம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருப்பதைக் கட்டாயம் கவனியுங்கள். வண்ணத்தில் கண் போய்விடுவதால் பலர் இந்தக் கறுப்புப் பட்டையைத் தவறவிடுகிறார்கள், எனக்கு முழு வில்லிலும் பிடித்தது அதுதான். போலராய்டு குளிர்கண்ணாடி இருந்தால் கண்ணெதிரே பிடித்துச் சுழற்றுங்கள். வில்லின் ஒரு பகுதி மங்கி மறைந்து மறுபடி வரும், ஏனெனில் அந்த ஒளி ஒரே திசையில் அதிர்கிறது.

பாசிப்படுகை:
மண்வாசனைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அந்த வாசனை பற்றி ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் எழுதி 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் செய்வது.

தோட்டமண், ஆற்றுமணல், களிமண் மூன்றையும் மூன்று நாள் வெயிலில் காயவைத்துத் தனித்தனித் தட்டில் பரப்புங்கள். அரை மீட்டர் உயரத்திலிருந்து சொட்டுக்குழாயால் பத்துப் பதினைந்து சொட்டு விட்டு உடனே முகருங்கள். பிறகு அதே தோட்டமண்ணை இன்னொரு தட்டில் எடுத்து ஒரே தடவையில் தண்ணீரை ஊற்றி முகருங்கள். சொட்டு விட்டது தூக்கலாக இருக்கும். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்கள்: நுண்துளையுள்ள தரையில் துளி மோதும்போது அடியில் காற்றுக்குமிழ் சிக்கி, துளிக்குள் ஏறி, மேலே வெடித்து நுண்திவலைகளைத் தூவுகிறது. மெல்லிய மழையிலும் நடுத்தர மழையிலும் இது அதிகம், அடிமழையில் குறைவு. தூறலுக்கு மணக்கிற மண் அடைமழைக்கு மணக்காததன் காரணம் இதில் இருக்கிறது. ஒரே மூக்கு தொடர்ந்து முகர்ந்தால் பழகி மரத்துவிடும், அதனால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்யுங்கள்.

கரிசல்காட்டான்:
பொழுது சாயும்போது ஈசல் கிளம்பும். வாசல் லைட்டை அணைச்சிட்டு புத்துப்பக்கம் பாருங்க. விளக்கு எரிஞ்சா அத்தனையும் வீட்டுக்குள்ள வந்து பல்லிக்கு இரையாகி வீணாப்போகும். ரெக்கை நாலும் ஒரே நீளம்னா ஈசல். முன் ரெக்கை பெருசு, இடுப்பு ஒடுங்கியிருக்குன்னா அது ரெக்கை மொளைச்ச எறும்பு. தரையில எறங்கின ஈசல் ரெக்கையை அடியில இருக்கிற கோட்டோட ஒடிச்சுப் போடும். அப்புறம் பொம்பளை முன்னால, ஆம்பளை பின்னால ஒட்டிக்கிட்டு ரெண்டும் வரிசையா ஓடும். அந்தச் சோடி எங்க மண்ணுக்குள்ள எறங்குதுன்னு பின்தொடர்ந்து பாருங்க, அதுதான் புதுப் புத்தோட முதல் நாள். கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல இது நடக்காது.

நெறியாளர் – மருதாணி:
இரண்டு மூன்று எச்சரிக்கைகள், இழை நீள்வதற்கு முன்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடியை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மாடியிலோ மரத்தடியிலோ யாரும் நிற்கக் கூடாது, மாவுத்தட்டும் அதற்குப் பிறகுதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே.

தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் வரும். மூடிய காலணி, கையில் டார்ச். மதில் பொந்திலும் கல்லடியிலும் விரலை விடக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவதோ கயிறு கட்டுவதோ கூடாது. காலை அசைக்காமல் 108ஐ அழைத்து விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

உள்ளங்கை நிறையும் பெரிய ஓட்டு நத்தை கண்ணில் பட்டால் வெறுங்கையால் தொடவேண்டாம். அது 1847இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க நத்தை. மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியது. ரயில்பூச்சியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, அதன் சுரப்பு எரியும், தோலில் கறையும் விழும். காளானைப் பற்றிக் கேட்க நினைப்பவர்களுக்கு: பார்க்கலாம், படமெடுக்கலாம். தின்னலாமா என்ற கேள்விக்கு இந்த இழையில் யாரும் பதில் சொல்லக் கூடாது.

வாசல்திண்ணை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மழை வந்தால் மாவுத்தட்டும் பாசியும்தான் முதலில். கடைசியாக ஒன்று: லென்ஸில் வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி ஏதோ படர ஆரம்பித்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.

பாசிப்படுகை:
பூஞ்சை. மழைக்காலத்தில் லென்ஸை ஈரத்தோடு தோலுறையில் போட்டு மூடினால் வரும். பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து துடைக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன, லென்ஸின் பூச்சு போய்விடும் என்பதால் வேண்டாம். கைலென்ஸ் என்றால் திருகைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். உள்ளே இரண்டு கண்ணாடிக்கு நடுவே படர்ந்திருந்தால் கடையில் கொடுத்துப் பார்ப்பதுதான். இனிமேல் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, அரைமணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வைத்து ஈரத்தைப் போக்கினால் மறுபடி பயன்படும். ஃபோல்ட்ஸ்கோப்புக்கும் அதே டப்பா.